மேலே போய்ப் பறிப்பது: உதைபந்தாட்டத்தில் 4-3-3 ஹை பிரெஸ்

பின்னேரம் நாலரை மணி. எதிரணியின் பின்கள வீரரிடம் பந்து இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நிற்கிற சனம் "போ, போ, விடாத!" என்று கத்துகிறது. முன்கள வீரர் தனியாகப் பாய்கிறார். பந்து அவரைத் தாண்டி மற்றப் பின்கள வீரரிடம் போகிறது. அங்கே ஓடுகிறார். பந்து கோல் காப்பாளரிடம் போகிறது. அங்கேயும் ஓடுகிறார். கோல் காப்பாளர் ஆறுதலாக ஒரு நீண்ட உதை உதைக்க, பந்து எல்லோருக்கும் மேலாகப் போய், மத்தியகளத்தில் தனியே நிற்கும் ஒருவரின் நெஞ்சில் விழுகிறது. இருபதாவது நிமிடத்தில் முன்கள வீரர் முழங்காலில் கையூன்றி நிற்கிறார். "பொடியன் களைச்சுப் போனான், மாத்துங்கோ" என்கிறது அதே சனம்.

யாழ்ப்பாணத்தில் குருநகரோ அரியாலையோ, எந்த மைதானத்திலும் காணக்கூடிய காட்சிதான். இதைத்தான் பலர் பிரெஸிங், அதாவது பந்து வைத்திருப்பவரை அணியாகச் சேர்ந்து நெருக்கிப் பறிப்பது, என்று எண்ணுகிறார்கள். இதில் ஓட்டம் இருக்கிறது, பிரெஸிங் இல்லை. பிரெஸிங்கில் முதலாவதாக ஓடுபவர் பந்தைப் பறிக்கப் போவதில்லை. பந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தீர்மானிக்கப் போகிறார். பறிப்பவர் பெரும்பாலும் இரண்டாமவர் அல்லது மூன்றாமவர். பண்ணைப் பாலத்தால் போகும்போது கடலில் தடி நட்டுக் கட்டிய சிறகுவலைகளைப் பார்த்திருப்பீர்கள். நீளமாகப் போகும் சிறகு மீனைப் பிடிப்பதில்லை, ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது. மீன் அகப்படுவது சிறகு முடிகிற அடைப்பில். முன்கள வீரர் அந்தச் சிறகு.

ஏன் அவ்வளவு மேலே?

"மேலே" என்றால் இங்கே எதிரணியின் கோலுக்குக் கிட்ட. பந்தை அங்கே பறிப்பதில் இரண்டு இலாபம். ஒன்று வெளிப்படையானது: கோலுக்கு 25, 30 மீற்றர்தான் மிச்சம், இரண்டு பாஸில் ஷொட் அடிக்கலாம். மற்றது அவ்வளவாகக் கவனிக்கப்படாதது, ஆனால் அதுதான் பெரியது. பந்து தன்னிடம் இருக்கும்போது எந்த அணியும் விரிந்து நிற்கும். பக்கப் பின்கள வீரர்கள் கோட்டோரம் போயிருப்பார்கள், நடுப் பின்கள வீரர்கள் இருவரும் விலகி நிற்பார்கள். அந்த நேரத்தில் பந்து பறிபோனால் கோலுக்கு முன்னால் கதவு திறந்தபடி.

2014 உலகக்கிண்ண அரையிறுதி இதற்கு நல்ல உதாரணம். ஜேர்மனியின் நாலாவது கோல், 26 ஆவது நிமிடம். மூன்றாவது கோல் வாங்கிய பிரேசில் நடுவில் பந்து வைத்துத் தொடங்கிச் சில செக்கன்களே ஆகியிருந்தன. ஃபெர்னாண்டினியோ தன் பின்களத்துக்கு முன்னால் பந்தை வாங்குகிறார். டோனி குரூஸ் அதை அவர் காலிலிருந்து பறித்து, கெதிராவோடு ஒரு பரிமாற்றம் செய்து, கோலுக்குள் தள்ளிவிடுகிறார். கோலை "உருவாக்க" ஒருவருமே தேவைப்படவில்லை. ஆட்டம் 7-1 இல் முடிந்தது.

25 மீற்றர்க் கணக்கு

சர்வதேசத் தரத்திலான மைதானம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். மொத்தம் 7140 சதுர மீற்றர். கோல் காப்பாளரை விட்டால் பத்துப் பேர். ஆளுக்கு 714 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் பரப்புக் காணி. ஒருவராலும் காக்க முடியாது. இனி அதே பத்துப் பேரை 25 மீற்றர் நீளத்துக்கும் 45 மீற்றர் அகலத்துக்கும் ஒடுக்குங்கள். ஆளுக்கு 112 சதுர மீற்றர் வருகிறது. நாலைந்து எட்டில் ஓடி அடைக்கலாம். பிரெஸிங்கின் கணிதம் முழுவதும் இதுதான்: பந்தைச் சுற்றி மைதானத்தைச் சின்னதாக்குவது.

அந்த 25 மீற்றர் சும்மா எடுத்த எண் அல்ல. 1989 இலும் 1990 இலும் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஏசி மிலான் அணிக்குப் பயிற்சியாளர் அரிகோ சாச்சி வைத்த அளவு அது: முன்னுக்கு நிற்பவருக்கும் கடைசிப் பின்கள வீரருக்கும் இடையே 25 மீற்றர். அதற்கு முன்பே 1960களில் டைனமோ கீவில் விக்டர் மஸ்லோவும், 1974 இல் நெதர்லாந்து அணியோடு ரைனஸ் மிஷெல்ஸும் இதே வழியில் போயிருந்தார்கள். சாச்சி பந்தே இல்லாமல் பயிற்சி கொடுப்பார் என்பது பிரசித்தம். கற்பனைப் பந்து இங்கே இருக்கிறது, அங்கே போகிறது என்று அவர் சொல்லச் சொல்லப் பதினொரு பேரும் சேர்ந்து நகரவேண்டும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் முதல் இரண்டு கிழமைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

யார் எங்கே

இலக்கங்களை வைத்துக் கதைப்பது சுகம். 1 கோல் காப்பாளர். 2 வலது பக்கப் பின்களம், 3 இடது. 4, 5 நடுப் பின்களம். 6 பின்களத்துக்கு முன்னால் நிற்கும் மத்தியகள வீரர். அவருக்கு முன்னால் வலது பக்கம் 8, இடது பக்கம் 10. முன்களத்தில் வலது விங் 7, இடது விங் 11, நடுவில் 9. நாலு, மூன்று, மூன்று.

பிரெஸிங்குக்கு இந்த அமைப்பைப் பலர் விரும்புவதற்குக் காரணம், முன்னுக்கு மூன்று பேர் ஏற்கெனவே மேலே நிற்கிறார்கள் என்பதுதான். எதிரணியின் நாலு பின்கள வீரர்களை இந்த மூவர் சமாளிக்கலாம், நாலாமவரைத் தூரத்தில் விட்டுவிட்டால். அந்த நாலாமவர் எப்போதும் பந்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பவராக இருக்கவேண்டும்.

ஒரு கோல் உதை, மெதுவாக

எதிரணிக்குக் கோல் உதை, அதாவது அவர்கள் தங்கள் கோலுக்கு முன்னால் பந்தை வைத்து உதைத்துத் தொடங்குவது. 2019 இல் விதி மாறியது. இப்போது அவர்களின் பின்கள வீரர் பெனால்டி எல்லைக்குள்ளேயே பந்தை வாங்கலாம். எங்களுடையவர்கள் பந்து உதைபட்டு நகரும்வரை எல்லைக்கு வெளியே நிற்கவேண்டும். ஆகவே 9 பெனால்டி எல்லையின் வளைவுக் கோட்டில் நிற்கிறார்.

அவர்களில் நாலு பேருக்குப் பெயர் வைப்போம். எங்கள் வலது பக்கம் நிற்கும் நடுப் பின்கள வீரர் 'அ'. அதே பக்கம் கோட்டோரம் நிற்கும் பக்கப் பின்கள வீரர் 'ஆ'. நடுவில் பந்து கேட்டு இறங்கி வரும் மத்தியகள வீரர் 'இ'. மறு கரையில் நிற்பவர் 'ஈ'.

கோல் காப்பாளர் 'அ'வுக்குப் பந்தைத் தட்டுகிறார். 9 நேராக ஓடவில்லை. கோல் காப்பாளரும் மற்ற நடுப் பின்கள வீரரும் தன் முதுகுக்குப் பின்னால் வரும்படி உட்பக்கமிருந்து வளைந்து ஓடுகிறார். ஒரு விளக்கு 'அ'வின் காலடியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 9 இன் நிழல் யார்மேல் விழுகிறதோ அவருக்குப் பந்து போகாது. பின்னுக்கும் குறுக்கேயும் வழி அடைபட்டாயிற்று.

அதே நேரம் 8 முன்னேறி 'இ'யின் முதுகில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறார். 'அ'வுக்கு மிஞ்சுவது இரண்டு வழி: நீளமாக உதைப்பது, அல்லது 'ஆ'வுக்குக் கொடுப்பது. 'ஆ' தனியாக நிற்பதுபோலத் தெரிகிறார். தெரியவேண்டும். அதுதான் பொறி.

இங்கே 7 நிற்கும் தூரம் முக்கியம். 15 மீற்றர் பாஸ் ஒன்று போய்ச்சேர ஒன்று, ஒன்றரை செக்கன் எடுக்கும். அந்த நேரத்தில் ஒருவர் ஏழெட்டு மீற்றர் ஓடுவார். ஆகவே 7, 'ஆ'விலிருந்து 8 மீற்றர் அளவில், பாதி உட்பக்கம் திரும்பியபடி நிற்கவேண்டும். 3 மீற்றரில் நின்றால் 'அ' அந்தப் பாஸைக் கொடுக்கவே மாட்டார். 15 மீற்றரில் நின்றால் 'ஆ' பந்தை வாங்கி, திரும்பி, தலைநிமிர்ந்து பார்க்கவும் நேரம் இருக்கும். பந்து 'அ'வின் காலை விட்ட கணத்தில் 7 பாயவேண்டும். 'ஆ' பந்தைத் தொட்ட பிறகு பாய்ந்தால் பிந்திவிட்டது.

இப்போது 'ஆ'வைப் பாருங்கள். ஒரு பக்கம் கோடு. கோடு களைக்காத பின்கள வீரர், ஏமாறவும் மாட்டார். முன்னால் 7. உட்பக்கம் 8. திரும்பி 'அ'வுக்குக் கொடுக்கலாமென்றால் அங்கே 9 நிற்கிறார். மிச்சம் ஒரேயொரு வழி, கோட்டோரமாக அவர்களின் விங் வீரருக்கு. அவரை ஒட்டி எங்கள் 2 வந்திருக்கவேண்டும், ஒன்று இரண்டு மீற்றருக்குள். 2 மேலே போனதால் பின்னால் விழுந்த பொட்டை 4 வந்து அடைக்கிறார், 5 நடுவுக்கு வருகிறார், 3 உள்ளே ஒதுங்குகிறார். 6 பத்து மீற்றர் ஏறி, இரண்டாம் பந்து, அதாவது மோதித் தெறிக்கும் பந்து, விழக்கூடிய இடத்தில் நிற்கிறார். 10 நடுவட்டத்துக்கு நேராக வருகிறார். 11 மறு கரையை விட்டு உள்ளே, தூரத்துக் கோல் கம்பத்துக்கு நேராக.

'ஈ' முழுக்கத் தனியாகத்தான் நிற்கிறார். நிற்கட்டும். அவருக்கு 50 மீற்றர் குறுக்குப் பந்து வர மூன்று செக்கன் அளவு ஆகும். அந்த மூன்று செக்கனில் 11 இருபது மீற்றர் ஓடிப் போய்விடலாம். அப்படிப்பட்ட பந்தை, ஆள் நெருக்கும்போது, பிசகாமல் அடிக்கிற பக்கப் பின்கள வீரர்கள் அதிகம் பேர் இல்லை.

'ஆ' பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டினாலும் நட்டமில்லை. எங்களுக்குத் த்ரோ, அதுவும் அவர்களின் பாதியில்.

இதையே மறுவளமாகவும் செய்யலாம். யேர்கன் க்ளொப் பயிற்சியாளராக இருந்த காலத்து லிவர்பூல் அணியில் விங் வீரர்களான சலாவும் மானேயும் வெளிப்பக்கமிருந்து உள்நோக்கி வளைந்து நடுப் பின்கள வீரர்மேல் பாய்வார்கள். பக்கப் பின்கள வீரருக்குப் போகும் வழி அவர்களின் நிழலில் மறையும். நடு முன்கள வீரர் ஃபெர்மினோ 'இ'யைக் காப்பார். பந்து நடுவுக்குள் தள்ளப்படும், அங்கே மூன்று மத்தியகள வீரர்கள் காத்திருப்பார்கள். பறித்தால் கோல் நேரே எதிரில். பிசகினால் எதிரணி எங்கள் நடுவால் புகுந்துவிடும். தொடங்குகிற அணி கோட்டோரம் தள்ளும் முறையைப் பழகுவதே நல்லது.

எப்போது பாய்வது

தொண்ணூறு நிமிடமும் எந்த அணியாலும் இப்படி ஓட முடியாது. பாயவேண்டிய நேரத்தைப் பதினொரு பேரும் ஒரே மாதிரி அறிந்திருக்கவேண்டும். அடையாளங்கள் சில: பாஸ் மெதுவாக உருள்கிறது; பந்து துள்ளிக்கொண்டு வருகிறது; வாங்குபவர் தன் கோலைப் பார்த்தபடி நிற்கிறார்; முதல் தொடுகையில் பந்து காலைவிட்டு ஒரு மீற்றருக்கு மேல் விலகுகிறது; வலது காலனுக்கு இடது காலில் பந்து வருகிறது; பந்து கோல் காப்பாளருக்குத் திரும்பிப் போகிறது. கடைசியாகச் சொன்னதற்கு 1992 இல் வந்த விதியும் துணை. சகவீரர் வேண்டுமென்று காலால் கொடுத்த பந்தைக் கோல் காப்பாளர் கையால் தொடமுடியாது, உதைத்தே ஆகவேண்டும்.

எங்கள் பக்கத்து மைதானங்கள் பலவற்றில் துள்ளும் பந்து அடிக்கடி கிடைக்கும். ஆடி ஆவணியில் நிலம் இறுகிப் புல் திட்டுத்திட்டாக நிற்கும்போது 20 மீற்றர் நிலப்பாஸ் ஒழுங்காக வருவதே அதிசயம். பிரெஸ் செய்யும் அணிக்கு இது வாய்ப்பு. பந்தை வாங்குபவர் கீழே பார்த்தே ஆகவேண்டும்; கீழே பார்ப்பவருக்குப் பாயும் ஆள் தெரியாது.

அடையாளம் ஒன்றும் இல்லையென்றால் பாயக்கூடாது. நடுக்கோட்டுக்குப் பத்து மீற்றர் முன்னால் ஒடுங்கி நின்று, பந்தை அவர்கள் பின்னுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருக்க விடலாம். இதைப் பொறுக்க முடியாமல்தான் முக்கால்வாசிப் பிரெஸ்கள் கெடுகின்றன. கோட்டுக்கு வெளியே கத்துகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. "இப்ப!" என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். ஆட்டம் முழுதும் முன்னால் விரிந்து தெரிகிற இடத்தில் நிற்பவர் 6 தான், அவரே பொருத்தம்.

கிட்டப் போனபின் கடைசி மூன்று மீற்றரில் வேகத்தைக் குறைக்கவேண்டும். சின்ன எட்டு, முழங்கால் மடிந்து, உடம்பு பாதி பக்கவாட்டில். முழு வேகத்தோடு போய்க் காலை நீட்டினால் ஒரு சின்னத் தட்டலில் அவர் உங்களைக் கடந்துவிடுவார். பின்னால் ஒன்பது பேர் செய்த வேலையும் அதோடு போய்விடும். விழுந்து பறிப்பது பார்க்க அழகுதான். பிரெஸிங்கில் அது கடைசி வழி.

பறிகொடுத்த உடனே

எங்கள் காலிலிருந்து பந்து போன அடுத்த ஐந்து செக்கன் தனிக் கதை. பந்தைப் பறித்தவர் அப்போதுதான் தலையை நிமிர்த்துகிறார். அவருடைய ஆட்கள் இன்னும் காக்கும் நிலையிலேயே நிற்கிறார்கள். கிட்ட நிற்கும் மூவர் அந்த நொடியே மூடவேண்டும்: ஒருவர் பந்துக்கு, இருவர் மிகக் கிட்டிய இரண்டு பாஸ்களுக்கு. மற்றவர்கள் ஐந்து மீற்றர் உள்ளே ஒடுங்கவேண்டும். ஐந்து செக்கனில் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு எல்லோரும் பின்னுக்கு. 2008 முதல் 2012 வரை பெப் குவார்டியோலாவின் பார்சிலோனா இதில்தான் பேர் எடுத்தது. ஜேர்மனியில் இதற்குக் கெகன்பிரெஸிங் என்று பெயர்.

இது நடக்கவேண்டுமென்றால் தாக்கும்போதே கிட்டக்கிட்ட நிற்கவேண்டும். 10 மீற்றர் பாஸ்களில் முன்னேறிய அணி பந்தைப் பறிகொடுத்தால் மூன்று பேர் பக்கத்தில் இருப்பார்கள். 50 மீற்றர் உதையில் முன்னேறிய அணி பறிகொடுத்தால் 9 மட்டும் அங்கே தனியாக நிற்பார். நீண்ட உதையை நம்பி ஆடிக்கொண்டு ஹை பிரெஸும் வேண்டுமென்பது நடவாத காரியம்.

பின்னால் கிடக்கும் 50 மீற்றர்

எல்லோரும் மேலே போனால் முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் வெறுமையாகக் கிடக்கும். அதைக் காப்பது மூன்று. முதலாவது ஓஃப்சைட் விதி: பந்து கொடுக்கப்படும் கணத்தில் எங்கள் பின்வரிசையைத் தாண்டி நிற்கும் எதிரணி வீரர் அந்தப் பந்தை ஆடமுடியாது. ஆனால் தாக்குபவர் தன் சொந்தப் பாதியில் நின்றால் ஓஃப்சைட் இல்லை, எனவே பின்வரிசை நடுக்கோட்டைத் தாண்டி ஏறுவதில் பயனில்லை. கோல் உதையிலும் த்ரோவிலும் நேரே வரும் பந்துக்கும் ஓஃப்சைட் கிடையாது. கோல் உதைக்குப் பின்வரிசையை நடுக்கோட்டில் நிறுத்திவிட்டு, தலைக்கு மேலால் பந்து போனதும் கையைத் தூக்கி மத்தியஸ்தரைப் பார்க்கும் அணிகள் இன்றும் இருக்கின்றன.

இரண்டாவது கோல் காப்பாளர். பின்வரிசை நடுக்கோட்டுக்கு அருகே என்றால் அவர் கோலிலிருந்து 25 மீற்றர் அளவில் நிற்கவேண்டும். 2014 உலகக்கிண்ணத்தில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜேர்மனியின் கோல் காப்பாளர் மனுவேல் நொயர் ஆடியதைப் பாருங்கள். பெனால்டி எல்லைக்கு வெளியே ஓடிவந்து, தலையாலும் காலாலும் எத்தனை பந்துகளைத் தடுத்தார்! கோட்டிலேயே நின்று பழகிய கோல் காப்பாளரை வைத்துக்கொண்டு இந்த ஆட்டம் ஆடக்கூடாது.

மூன்றாவதும் முக்கியமானதும்: பந்தின்மேல் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது. எதிரணி வீரரை ஒருவர் நெருக்கிக்கொண்டிருந்தால் பின்வரிசை ஏறலாம், அவரால் நிமிர்ந்து நீண்ட பந்து கொடுக்க முடியாது. அவர் தலை நிமிர்ந்து, காலை ஓங்கி நின்றால் நாலு பேரும் உடனே ஐந்தாறு மீற்றர் பின்னே ஓடவேண்டும், பந்து உதைபடுவதற்கு முன்பே. 2020 ஒக்டோபர் 4 அன்று அஸ்டன் வில்லா, அப்போதைய பிரீமியர் லீக் சம்பியன் லிவர்பூலை 7-2 என்று வென்றது. முன்னால் நெருக்கல் தளர்ந்திருக்க, பின்வரிசை மட்டும் மேலேயே நின்றால் எந்தச் சம்பியனுக்கும் அதே கதிதான்.

கெடுகிற இடங்கள்

அதிகம் காணும் பிழை 6 க்கும் 4, 5 க்கும் இடையில். முன்னுக்கு ஆறு பேர் உற்சாகமாக ஏறிவிடுவார்கள். பின்வரிசைக்குப் பயம், அவர்கள் 20 மீற்றர் பின்னாலேயே நிற்பார்கள். நடுவில் திறக்கும் அந்த இடத்தில்தான் எதிரணியின் நீண்ட பந்து விழும். பயிற்சியாளர் முன்கள வீரரைத் திட்டுவார். பிழை பின்னால்.

அடுத்தது காற்று. ஐரோப்பியப் பயிற்சி வீடியோக்களில் இதைச் சொல்லமாட்டார்கள், ஆனால் வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம் வீசும் ஊரில் இதைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. எதிரணி காற்றை எதிர்த்து உதைக்கும் பாதியில் அவர்களின் நீண்ட உதை மேலே எழும்பித் தொங்கி, 35 மீற்றரில் விழுந்துவிடும். துணிந்து முழுப் பிரெஸ் செய்யுங்கள். காற்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பாதியில் அதே உதை எங்கள் பெனால்டி எல்லைவரை வரும். பின்வரிசை பத்து மீற்றர் இறங்கட்டும். அது இறங்கினால் 9 உம் பத்து மீற்றர் இறங்கவேண்டும், 25 மீற்றர்க் கணக்கு மாறக்கூடாது. நாணயச் சுழற்சியில் வென்றால் எந்தக் கோலைத் தாக்குவது என்று தேர்வு செய்யலாம். கால்கள் புதிதாக இருக்கும் முதல் பாதியிலேயே காற்றோடு தாக்குவதைக் கேளுங்கள்.

வெயிலும் உண்டு. சித்திரை வைகாசியில் மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் முழுநேரப் பிரெஸ் என்பது வெறும் பேச்சு. முதல் 15 நிமிடம், இடைவேளைக்குப் பின் 10 நிமிடம், எதிரணி பின்கள வீரர் ஒருவரை மாற்றியதும் ஐந்து நிமிடம் என்று துண்டு துண்டாகச் செய்யலாம். 60 ஆவது நிமிடத்தில் முதலில் மாற்றவேண்டியவர்கள் 7, 9, 11. அவர்கள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தாலும்தான்.

அணிக்கு 7 பேர், 9 பேர் ஆடும் சுற்றுப்போட்டிகளில் மைதானம் சின்னது, கோல் காப்பாளரின் ஒரு உதையே மறு கோலுக்கு வரும். அங்கே முன்னுக்கு இருவர் போதும், ஒருவர் வளைந்து ஓட மற்றவர் குறுக்குப் பாஸுக்குக் காத்திருக்கலாம். ஓஃப்சைட் வைக்காத போட்டியென்றால் ஒருவர் கட்டாயம் பின்னால் நிற்கவேண்டும்.

பழகுவது

முதலில் 10 மீற்றர்ச் சதுரம், வெளியே நாலு பேர், உள்ளே இருவர். உள்ளே இருக்கும் இருவரில் ஒருவர் பந்துக்குப் போக, மற்றவர் இரண்டு வெளியாட்களுக்கு நடுவால் போகும் பாஸை அடைக்கவேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் பந்துக்கு ஓடினால் நிறுத்தித் திருப்பித் தொடங்குங்கள். 30 செக்கன் வேலை, 60 செக்கன் ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் வேகம் போய்விடும், மெதுவான பிரெஸைப் பழகிவிடுவார்கள்.

பிறகு அரை மைதானம். எதிரணியாக ஒரு கோல் காப்பாளரும் ஆறு பேரும். அவர்கள் நடுக்கோட்டில் வைத்த இரண்டு சின்னக் கோல்களில் ஒன்றுக்குள் பந்தைத் தட்டவேண்டும். எங்கள் பக்கம் 7, 9, 11, 8, 10, 6, 2. ஒவ்வொரு முறையும் கோல் உதையிலிருந்து தொடக்கம். பறித்து எட்டுச் செக்கனுக்குள் கோல் அடித்தால் இரண்டு புள்ளி, வெறுமனே பறித்தால் ஒன்று.

இந்தப் பயிற்சி நடக்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள். 7 எப்போது அசைகிறார் என்பதை மட்டும் பாருங்கள். பத்து உதையில் ஆறு முறையாவது பந்து 'அ'வின் காலை விடும் கணத்திலேயே அவர் அசைந்தால் அடுத்த கிழமை பின்வரிசையைச் சேர்த்து 11 பேரோடு செய்யலாம். பிந்திக்கொண்டே இருந்தால் ஓட்டத்தைக் கூட்டச் சொல்லவேண்டாம், நிற்கும் இடத்தை இரண்டு மீற்றர் மாற்றிப் பாருங்கள்.